ஊர்க் கடன்

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் அதை ஒரு பாக்கியம் என்றே சொல்லுவேன். கல்லுப்பட்டியில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். அப்புறம் இருபுறமும் கரிசல் காடுதான். பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத பூமி. வானத்தைப் பார்த்துப் பருத்தியும் சோளமும் மிளகாயும் போடுகிற ஜனங்கள். மேற்கே நிமிர்ந்தால் சதுரகிரி மலை நீலமாக நிற்கும். மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் ஏறினேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்கள். நாலு தடவை அந்த உறையை எடுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் தடவை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, பார்த்தாப் படிச்சவுக மாதிரி தெரியுது. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க."

வீட்டுமனைப் பட்டா கேட்டு எழுதிய மனு. மூன்றாவது மனுவாம். பேரையூர் தாலுகா ஆபீஸில் கொடுப்பதற்காகப் போகிறார். பட்டா எதற்கு என்று கேட்டேன். விற்பதற்கோ அடமானம் வைப்பதற்கோ இல்லை. வீட்டுக்கு விளக்கு வேண்டும், அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் குடியிருக்கிறார். இடமோ புறம்போக்கு. மின்சார இணைப்புக் கேட்டுப் போனால் வீட்டுவரி ரசீது கொண்டு வா என்கிறார்கள். பஞ்சாயத்தில் ரசீது கேட்டால் புறம்போக்கில் இருக்கிற வீட்டுக்கு ரசீது போட முடியாது, பட்டா வாங்கி வா என்கிறார்கள். பட்டாவுக்கு மனுப் போட்டால் விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள்.

"அப்ப ராத்திரியிலே என்னம்மா செய்றீங்க?"

"எதுத்த வீட்டுல இருந்து வயர் இழுத்திருக்கோம்யா. மாசம் முந்நூறு ரூவா குடுக்கிறோம். ஒரு லைட்டு, ஒரு பேன். பேத்தி பன்னெண்டாவது படிக்கிறா. அவுகளுக்கும் நமக்கும் ஏதாச்சும் சண்டை வந்தா சுவிட்சை அமத்திருவாக. மறுநாளு சமாதானம் ஆனாப் போட்டு விடுவாக. குத்தம் சொல்லக் கூடாது. அவுக தயவிலதான் பிள்ளை படிக்குது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு மலை ஞாபகமே இல்லை.

"வாசல்ல பஞ்சாயத்து லைட்டு ராத்திரி பூரா எரியுதுங்க. சில நாளு பகல்லயும் எரியும். வீட்டுக்குள்ளதான் எரியக் கூடாதாம்."

*

அந்த அம்மாளின் கதையில் ஒரு வில்லனைத் தேடிப் பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது பழக்கம். ஆனால் கிடைக்கவில்லை. பஞ்சாயத்தில் இருப்பவர் ரசீது போட்டால் புறம்போக்கை வீடு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நாளைக்குத் தணிக்கையில் நான் மாட்டிக்கொள்வேன் என்கிறார். அவர் பயம் பொய்ப் பயம் இல்லை. மின்சார ஆபீஸில் இருப்பவர் யாருடைய இடம் என்று தெரியாமல் மீட்டரை மாட்டிவிட்டு வந்தால் நாளைக்கு வேறொருவர் கோர்ட்டுக்குப் போவார் என்கிறார். அதுவும் நியாயமே. ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா நியாயங்களையும் கூட்டினால் ஓர் இருட்டு வீடு மிச்சமாகிறது.

சட்டத்தைக் கேட்டால் அது இவர்களைவிடத் தாராளமாகவே பேசுகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, ஒரு கட்டடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. உரிமையாளர் என்றதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். சட்டம் எழுதியவர்கள் 'குடியிருப்பவர்' என்றும் சேர்த்தார்கள். இடம் யாருடையது என்பது வேறு வழக்கு, அதற்குள் இருக்கிற மனிதனுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது வேறு விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சட்டம் டில்லியில் இருக்கிறது. ரசீதுப் புத்தகம் ஊரில் இருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கோடீசுவரனுக்கும் உண்டு, கூலிக்காரனுக்கும் உண்டு. ஆனால் மீட்டர் இருந்தால்தான் உண்டு. மீட்டர் இல்லாதவர் யார் என்று பார்த்தால், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் போன்றவர். அவருக்குச் சேரவேண்டிய இலவசம் அவருக்கு வரவில்லை. எதிர் வீட்டுக்கு வந்த இலவசம், மாதம் முந்நூறு ரூபாய் விலைக்கு அவருக்கு வருகிறது. தருமம் நடந்து போகும்போது எங்கே வழுக்கி விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிர் வீட்டாரைத் திட்டுவது சுலபம். ஆனால் நான் திட்டப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

*

வெளிச்சத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நம் நாட்டில் புதிதல்ல. 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தில், ஓர் ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பெனியின் லைசென்ஸ் காலம் முடிந்தால் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை அந்த ஊரின் உள்ளாட்சிக்குத்தான் இருந்தது. குடிதண்ணீர்க் குழாயைப் போல, சந்தையைப் போல, விளக்கும் ஊராருடைய சொத்தாக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. இங்கிலாந்தில் பல நகரசபைகள் தாமே மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

அந்த உரிமைக்காக ஜனங்கள் தெருவில் இறங்கிய ஒரு சம்பவமும் உண்டு. கொச்சி சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர் நம் கோயமுத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிற்பாடு 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானவர். அவர் திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கிற உரிமையைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தார். எங்கள் ஊர் விளக்கை வெளியூர்க் கம்பெனியிடம் ஒப்படைப்பதா என்று 1936இல் திருச்சூரில் பெரிய கிளர்ச்சி நடந்தது. கடையடைப்பும் ஊர்வலமுமாக ஒரு விளக்குக்காக ஓர் ஊர் எழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பிற்காலத்தில் விநியோகம் நகரசபையின் கைக்கே வந்து சேர்ந்தது. கேரளம் முழுவதும் மாநில வாரியம் மின்சாரம் கொடுக்க, திருச்சூரின் பழைய நகரப் பகுதிக்கு மட்டும் மாநகராட்சியே இன்றைக்கும் கொடுத்துவருகிறது.

தமிழ்நாட்டில் காரியம் வேறு விதமாகப் போயிற்று. மலைகளில் பைகாரா, சமவெளியில் 1937இல் மேட்டூர், தெற்கே 1944இல் பாபநாசம் என்று நீர் மின்சாரம் பெருகியது. 1957ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் பிறந்தது. 1959இல் பழைய சட்டத்தைத் திருத்தி, கம்பெனியை வாங்குகிற முதல் உரிமையை மின்சார வாரியத்துக்குக் கொடுத்தார்கள். ஊர் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள் என்று அன்றைக்குப் பேரையூரிடம் சொல்லியிருந்தால் பேரையூர் என்ன செய்திருக்கும்? வானம் பார்த்த பூமியில் வசூலாகிற வீட்டுவரியில் எத்தனை கம்பம் நட முடியும்? கோயமுத்தூர் மில்லும் மதுரைக் கடைவீதியும் கட்டிய அதிக விலையில்தான் கரிசல் காட்டுக்குக் கம்பி வந்தது. யாரோ ஒரு முதலாளியின் பில்லில் ஒரு சம்சாரியின் பம்புசெட் ஓடியது. பணக்கார ஊர் ஏழை ஊரைத் தூக்கிக்கொண்டு போகிற இந்த ஏற்பாட்டை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே நின்றிருந்தால் செய்திருக்க முடியாது. இவ்வளவும் சரி. ஆனாலும் ஒரு விஷயம் கை தவறிப் போய்விட்டது.

*

பேரையூர் பஸ் கல்லுப்பட்டியில் நின்றபோது எனக்கு ஜே.ஸி. குமரப்பாவின் ஞாபகம் வந்தது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். அவ்வளவும் படித்துவிட்டு காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்து, கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில் காலமானார்.

ஒரு பொருளை வாங்குகிறவன் அதன் விலையைக் கொடுத்ததோடு அவன் கடமை முடிந்துவிடாது. அது எங்கே, எப்படி, யாருடைய உழைப்பில் உண்டானது என்று விசாரிக்கிற பொறுப்பும் அவனுக்கு உண்டு என்பது குமரப்பாவின் கட்சி. தூரத்திலிருந்து வருகிற பொருளுக்கு அந்த விசாரணை முடியாது. ஆகவே முடிந்தவரை பக்கத்தில் செய்ததை வாங்கு என்பார். துணிக்கும் எண்ணெய்க்கும் அரிசிக்கும் சொன்ன இந்த வாதத்தை மின்சாரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சுவிட்சைப் போடுகிறோம். அதற்குப் பின்னால் நெய்வேலியில் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பமும் எண்ணூர்க் கழிமுகத்துச் சாம்பலும் இருக்கின்றன. சுவிட்சில் அவை தெரியுமா?

குமரப்பாவோடு நான் முழுவதும் ஒத்துப்போக முடியாது. செக்கும் ராட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ராத்திரியில் வெளிச்சம் கொடுக்க முடியாது. ஆனால் அவர் அடிப்படையில் ஒரு கணக்கர். யார் கணக்கில் பற்று, யார் கணக்கில் வரவு என்று கேட்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்தக் கேள்வியைத்தான் நாம் தொலைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

என் வீட்டுப் பில்லைத் தேதிக்குள் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்குவார்கள். தெருவில் நாலு பேருக்குத் தெரியும். அவமானம். ஆகவே கட்டிவிடுகிறேன். ஆனால் என் ஊரின் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் உரிய பில் கட்டப்பட்டதா என்று நான் ஒரு நாளாவது விசாரித்தது உண்டா? பாக்கி இருந்தால் எனக்கு வெட்கமாக இருந்ததா? இல்லை. ஊர் பட்ட கடன் யார் பட்ட கடனும் இல்லை என்று ஆகிவிட்டது. எத்தனையோ ஊராட்சிகளில் இந்தப் பாக்கி மலையாகக் குவிந்தது. கடைசியில் அரசாங்கமே, ஊராட்சிக்குத் தர வேண்டிய மானியத்திலிருந்து மின்சாரக் கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிற வழக்கம் வந்தது. பாக்கி வசூலிக்க அது நல்ல வழிதான். ஆனால் அப்பா கணக்கிலிருந்து பள்ளிச் சம்பளம் நேரே போய்விட்டால் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்றே தெரியாமல் போகிற மாதிரி, ஊருக்குத் தன் விளக்கின் விலை தெரியாமல் போயிற்று. பகலில் தெருவிளக்கு எரிந்தால் யார் அணைப்பார்கள்?

இலங்கையில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. கொழும்பைச் சுற்றிய பல உள்ளாட்சிகள் மின்சார சபையிடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தன. ஜனங்களிடம் வசூலித்த பணம் வேறு செலவுகளுக்குப் போயிற்று. சபைக்குப் பாக்கி ஏறியது, கம்பிகள் பழசாயின, வழியில் போகிற மின்சாரம் வழியிலேயே தொலைந்தது. 1983இல் அவற்றின் விநியோகத்தை எடுத்து நடத்த லங்கா மின்சாரக் கம்பெனி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். விளக்கு ஊரின் கையில் இருந்தால் தானே நேர்மை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

பெரிய கையில் இருந்தால் மட்டும்? நம் வாரியம் 2010இல் இரண்டாகப் பிரிந்தது, 2024இல் மறுபடியும் பிரிந்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு வேலை கிடைத்தது. ஜனங்கள் இன்னும் 'ஈ.பி.' என்றுதான் சொல்கிறார்கள். 2017இல் உதய் திட்டத்தின்கீழ் மின் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. தலைக்கு 3,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. பால்குடி மறவாத குழந்தையின் தலையிலும் அது விழுந்தது. பஸ்ஸில் வந்த அம்மாளின் தலையிலும் விழுந்தது. மீட்டர் இல்லை என்பதற்காக அவருக்கு யாரும் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை.

*

தன் கடன் தனக்குத் தெரிந்த ஊர் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆகிற செலவைப் பார்த்து மலைத்துப்போன அந்த ஊர், 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்ச ரூபாய்க்கு வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி பாங்கியில் கடன். அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். தங்கள் ஊரில் அவ்வளவு காற்று இல்லை என்று காற்றாலையை உடுமலைப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது உண்டாக்குகிற மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேரும். ஊரின் தேவைக்குப் போக மிச்சத்துக்கு வாரியம் பணம் கொடுக்கும்.

ஒரு கிராமப் பஞ்சாயத்து ஒன்றரைக் கோடிக்குத் துணிந்தது ஒரு வியப்பு. அதைவிட, அந்தக் கடனை ஊர் தன் கடனாக நினைத்தது என் மனசைத் தொடுகிறது. காற்று அடிக்காத மாதத்தில் ஒரு ஊரே வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கும் அல்லவா? மழைக்காகக் கவலைப்பட்ட சம்சாரிக்கு அது புதுப் பழக்கமும் இல்லை.

எல்லா ஊரும் ஓடந்துறை ஆகிவிட முடியாது. சேமிப்பில் 40 லட்சம் வைத்திருக்கிற ஊராட்சிகள் எத்தனை? அப்படி ஒரு தலைவர் கிடைக்கிற ஊர்கள் எத்தனை? மாதச் சம்பளம் கொடுக்கவே தவிக்கிற ஊராட்சியிடம் போய் ஓடந்துறையைப் பார் என்று பிரசங்கம் செய்வது, பட்டினி கிடப்பவனிடம் சேமிப்பின் பெருமையைச் சொல்வது மாதிரி.

அரசியல் சட்டம் வேறொரு வேடிக்கை செய்திருக்கிறது. 1993இல் அமலுக்கு வந்த திருத்தங்களில், கிராம ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக் கூடிய காரியங்களின் பட்டியலில் கிராமங்களுக்கு மின்சாரம் தருவதும் அதை விநியோகிப்பதும் இருக்கின்றன. நகரங்களுக்கான பட்டியலிலோ தெருவிளக்கு மட்டும்தான். பேரையூர் ஒரு பேரூராட்சி. ஆகவே அதற்குத் தெருவிளக்கு. சுற்றியுள்ள கிராமங்களுக்கோ வீட்டு விளக்கும் உண்டு, காகிதத்தில். முப்பது வருஷம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியும் அந்தக் காகிதத்தைக் கொண்டு ஒரு வீட்டுக்கு விளக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருவகையில் அந்தக் காகிதம் ஏற்கெனவே அமலில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். வீட்டுவரி ரசீதைப் போட்டும் போடாமலும் ஒரு வீட்டுக்கு வெளிச்சம் வரலாமா கூடாதா என்பதை ஊராட்சி தீர்மானித்துக்கொண்டுதானே இருக்கிறது? விளக்குக் கொடுக்கிற பொறுப்பு இல்லை. மறுக்கிற சக்தி மட்டும் இருக்கிறது. பொறுப்பில்லாத கையில் மறுக்கிற சக்தி இருந்தால் அந்தக் கை நல்லவனுடைய கையாக இருந்தாலும் மறுக்கத்தான் செய்யும். கொடுத்துத் தப்பாகிவிட்டால் கேள்வி வரும். கொடுக்காமல் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நாளைக்கு அந்தக் குடும்பத்தின் விளக்குக்கு நீதான் ஜவாப்தாரி, எத்தனை வீடு இருட்டில் இருக்கிறது என்று கிராம சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். ரசீதுப் புத்தகம் வேறு மாதிரித் திறக்கும் என்றே நான் நம்புகிறேன்.

எதிர் வீட்டாரைத் திட்டமாட்டேன் என்று சொன்னேன். காரணம் என் வீட்டு மீட்டர். எனக்கு அந்த 100 யூனிட் இலவசம் தேவையில்லை. புத்தகங்களிலிருந்து ஏதோ வருகிறது, பிள்ளைகள் அனுப்புகிறார்கள். ஆனாலும் 2016இலிருந்து அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பில்லில் கழித்துவிட்டு வருகிறது, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எதிர் வீட்டாராவது தமக்கு வந்த இலவசத்தில் ஒரு பங்கை, விலைக்குத்தான் என்றாலும், இருட்டில் இருக்கிற இன்னொரு வீட்டுக்குக் கடத்திவிட்டார்கள். நான் அதில் கதை எழுதினேன்.

*

பேரையூரில் இறங்கியதும் அந்த அம்மாள் தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தார். நாலடி போய்த் திரும்பி, "மனுவில எல்லாம் சரியாத்தானய்யா இருக்கு?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். 43ஆவது பிரிவைப் பற்றி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். 'குடியிருப்பவர்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். அதையும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

என் வேலை முடிந்து திரும்பும்போது இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ஏறிய நிறுத்தத்தில் பஸ் நின்றது. ரோட்டை ஒட்டி ஒரு தெருவிளக்கு, நல்ல வெள்ளை வெளிச்சம். அதன் கீழே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. சந்தின் இந்தப் பக்கத்து ஓட்டு வீட்டிலிருந்து அந்தப் பக்கத்துத் தகரக் கூரைக்கு ஒரு வயர் தாழ்வாகத் தொங்கிக்கொண்டு போயிற்று. அதுதான் அவர் வீடா என்று எனக்குத் தெரியாது. உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.